நண்பர்களோடு பாட்டு, ஓவியம் பேசும் பாட்காஸ்ட்: முதல் எபிசோடு வரை படிப்படியாக

பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாத நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வெளியிட ஸ்டுடியோ தேவையில்லை. ஆளுக்கொரு செல்போன், சத்தமில்லாத ஓர் அறை, ஒரு மதிய நேரம் போதும். ஆனால் உங்கள் இருவருக்கும் சுவையாக இருக்கும் பேச்சு, முகம் தெரியாத மூன்றாமவருக்கும் சுவையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மைக் வாங்குவதெல்லாம் பத்து எபிசோடு தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

இரண்டு பேர் சிறப்பு, மூன்று பேர் வரை சமாளிக்கலாம். நான்கு பேரானால் யார் குரல் யாருடையது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. ஒரே ரசனை உள்ள இருவரைவிட, ஒருவர் சங்கீதம் கற்றவராகவும் மற்றவர் வெறும் ரசிகராகவும் இருந்தால் பேச்சு நன்றாக ஓடும். கற்றவர் "இந்த இடத்தில் அந்நிய ஸ்வரம் வருகிறது" என்பார். ரசிகர் "அப்படியென்றால் என்ன?" என்று கேட்பார். கேட்பவரும் அதே கேள்வியோடுதான் காத்திருப்பார்.

படி 2: ஒரு எபிசோடுக்கு ஒரே பொருள்

"எங்களுக்குப் பிடித்த பாடல்கள்" என்று தொடங்காதீர்கள். அரை மணி நேரத்தில் இருபது பாட்டின் பெயர் வரும், ஒன்றுகூட மனதில் நிற்காது. பொருளைக் குறுக்குங்கள். கீரவாணி ராகத்தில் அமைந்த மூன்று சினிமாப் பாடல்கள். கோயில் திருவிழாவில் கேட்ட தவில் தனி. வீட்டில் அம்மா வேலை செய்தபடி முணுமுணுக்கும் ஒரே பாட்டு. தேர்தல் நேரத்துச் சுவர்களில் கொட்டை எழுத்து எழுதிய ஓவியர்கள், ஃபிளெக்ஸ் வந்த பிறகு என்ன செய்கிறார்கள். இப்படி ஒன்றை எடுத்தால் முப்பது நிமிடம் போதாமல் போகும்.

பதிவு நாற்பத்தைந்து நிமிடம், வெட்டிய பிறகு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இந்த அளவு தாராளம்.

படி 3: "எந்த இடம்?" என்று கேட்கப் பழகுவது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "சூப்பர் பாட்டு", "மனசை என்னவோ பண்ணும்", "வேற லெவல்" என்ற சொற்கள் நேரில் பேசும்போது பரவாயில்லை. முகம், கை அசைவு எல்லாம் சேர்ந்து மீதியைச் சொல்லிவிடும். ஒலியில் அந்த உதவி கிடையாது. அதனால் ஒருவர் பிடிக்கும் என்றதும் அடுத்தவர் உடனே இடத்தைக் கேட்க வேண்டும்.

"அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா."

"எந்த இடம்?"

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழல் தனியா வருமே, அங்க. அதுவரைக்கும் தபேலா விடாம ஓடிட்டு இருக்கும். சட்டுனு நிறுத்திடுவாங்க."

"நிறுத்துறாங்களா? நான் கவனிச்சதே இல்லையே மச்சான்."

"எங்க சித்தப்பா வேன்ல கேசட் போடுவாரு. அந்த இடம் வந்தா ஸ்டியரிங்ல தாளம் போடுறதை அவரும் நிறுத்திடுவாரு."

இப்போது கேட்பவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எபிசோடு முடிந்ததும் அந்தப் பாட்டைத் தேடிப்போட்டு, தபேலா நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இசையைப் பற்றிய பேச்சு இதைவிடப் பெரிதாக என்ன சாதித்துவிட முடியும்?

பதிவுக்கு முன் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிலை மட்டும் முன்கூட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் முறை கேட்கும் வியப்பைப் பிறகு நடித்துக் காட்ட முடியாது. எனக்குப் பலன் தந்த சில கேள்விகள்: இதை முதலில் எங்கே கேட்டாய்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? இதில் ஒரு வாத்தியத்தை எடுத்துவிட்டால் என்ன குறையும்? நீ வரையும்போது, எழுதும்போது எந்த இடத்தில் மாட்டிக்கொள்வாய்? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்? கடைசி இரண்டும் ஓவியரிடமும் கேட்கலாம், கோலம் போடும் பாட்டியிடமும் கேட்கலாம்.

படி 4: ஓவியத்தைக் காதுக்குச் சொல்வது

படம் கேட்பவர் கண்ணில் இல்லை. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலில் உள்ள தாமரைக்குளத்தை எடுத்துக்கொள்வோம். "அருமையான ஓவியம், அழகான வண்ணங்கள்" என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. முதலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்: தலைக்கு மேலே, கல் விதானத்தில். பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். அப்புறம் மொத்தக் காட்சி: குளம் நிறையத் தாமரை, இலைகளுக்கு நடுவே மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். அப்புறம் ஒரே ஒரு மூலையில் நில்லுங்கள். ஓர் இலையின் வளைவு, ஒரு மொட்டு, காரை உதிர்ந்த ஒரு பகுதி, எதுவானாலும் சரி, அங்கே ஒரு நிமிடம் பேசுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைக் கடைசியில் சொல்லலாம். அதற்குள் கேட்பவர் மனதில் அவருக்கென்று ஒரு குளம் உருவாகியிருக்கும்.

சென்னைக்காரர்கள் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவானது அது. கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாங்கிய நிலம். கலையும் பிழைப்பும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்ற கேள்விக்கு ஒரு எபிசோடு முழுக்க அங்கே விஷயம் இருக்கிறது.

படி 5: அறை

நடு அறையில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் திரும்பி வந்து கணகணத்தால் அந்த அறை வேண்டாம். மெத்தை, தலையணை, துணி நிறைந்த பீரோ, கனமான திரை உள்ள படுக்கையறை நல்லது. ஃபேனை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் கஷ்டம்தான், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடைவேளை விட்டு ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். குக்கர் விசில், தெருவில் வரும் காய்கறி வண்டி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி இவற்றின் நேரம் உங்களுக்கே தெரியும். அதைத் தவிர்த்து நேரம் குறியுங்கள்.

படி 6: பதிவு

ஆளுக்கு ஒரு போன். விமானப் பயன்முறையில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் "பாட்டு", "படம்" என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதிப் படபடக்கும். போனை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்தால், மேசையைத் தட்டும் சத்தம் ஏறாது.

ரெக்கார்டர் செயலியில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி பிடிக்கும், அதனால் போனில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் போனிலும் பதிவைத் தொடங்கிய பிறகு ஒருவர் பலமாக ஒரு முறை கை தட்டட்டும். பிறகு கணினியில் அந்தத் தட்டலை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துத்தான் எல்லாப் பதிவையும் பொருத்துவோம். அடுத்து அரை நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். அறையின் இரைச்சலை நீக்க அந்த மௌனம் தேவைப்படும்.

நண்பர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் இன்னொரு போனிலோ கணினியிலோ வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளுங்கள். இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவரவர் குரலை அவரவர் இடத்திலேயே தனியாகப் பதிவு செய்து, பிறகு கோப்பை அனுப்பிக்கொள்ளுங்கள். அழைப்பையே பதிவு செய்தால் குரல் தகரத்தில் பேசுவது போல இருக்கும்.

படி 7: பாட்டைப் போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. "முப்பது வினாடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் எவ்வளவு வினாடி என்று எங்கும் சொல்லவில்லை. யூடியூப் போன்ற தளங்களில் பாட்டைக் கண்டுபிடிப்பது இயந்திரம், அதற்கு விமர்சனமும் தெரியாது, நியாயமும் தெரியாது.

ஒரு பாட்டில் வரிக்கு உரிமை, மெட்டுக்கு உரிமை, ஒலிப்பதிவுக்கு உரிமை எல்லாம் தனித்தனி. பாரதியார் மறைந்தது 1921-இல். அவர் வரிகளை யாரும் பயமின்றிப் பாடலாம். ஆனால் அதே வரிகளைப் புது மெட்டில் ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவை எடுத்துப் போட முடியாது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

என் யோசனை, பாட்டைப் போடவே வேண்டாம். பெயரைச் சொல்லி, அந்த இடத்தைச் சொல்லி, கேட்பவரைத் தேடிப்போய்க் கேட்க வையுங்கள். தொடக்க இசைக்கு உங்கள் வட்டத்தில் வீணையோ கிட்டாரோ வாசிப்பவர் இருந்தால், சொந்தமாகப் பத்து வினாடி வாசித்துத் தரச் சொல்லுங்கள். அது உங்கள் பாட்காஸ்டின் முகமாகவே ஆகிவிடும்.

படி 8: வெட்டுவது

ஆடாசிட்டி இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பதிவுகளை உள்ளே கொண்டுவந்து கைதட்டலைப் பொருத்துங்கள். பிறகு மௌனமான அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் போய், இரைச்சலின் மாதிரியை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து அந்தப் பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து அதே கட்டளையைக் கொடுங்கள். மற்றப் போனின் பதிவுக்கும் அதன் சொந்த மௌனத்தை வைத்து இதையே தனியாகச் செய்ய வேண்டும். அளவை மிகக் கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். லேசான இரைச்சல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

வெட்ட வேண்டியவை: தொடக்கத்து அரட்டை, சொன்னதையே சொல்லும் இடங்கள், மூன்றாமவருக்குப் புரியாத உள்வட்டப் பேச்சு. வெட்டக் கூடாதவை: சிரிப்பு, பதில் சொல்வதற்கு முன் வரும் யோசனை, "இல்ல இல்ல, நான் ஒத்துக்க மாட்டேன்" என்று குறுக்கே பாயும் இடம். ஒவ்வொரு "ம்ம்"மையும் தேடித்தேடி நீக்கினால் செய்தி வாசிப்பு போல ஆகிவிடும்.

கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷன் போய் -16 எல்யுஎஃப்எஸ் (LUFS, சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) கொடுங்கள், பாட்காஸ்ட்களுக்குப் பரவலாக வைக்கும் அளவு இதுதான். மோனோ (ஒரே ஒலித்தடம் உள்ள) கோப்பாக இருந்தால் -19. எம்பி3 ஆக, மோனோ, 64 கேபிபிஎஸ்ஸில் சேமித்தால் அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். டேட்டா பார்த்துச் செலவழிப்பவருக்கு இது பெரிய உதவி.

படி 9: வெளியிடுவது

ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி ஏற்றலாம். அங்கே கிடைக்கும் ஆர்எஸ்எஸ் (RSS, உங்கள் எபிசோடுகளை மற்றத் தளங்கள் எடுத்துக்கொள்ள உதவும் இணைப்பு) முகவரியைக் கொடுத்தால் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸிலும் சேர்க்கலாம். முகப்புப் படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சல் வரை இருக்க வேண்டும். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும், அதனால் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். வரையத் தெரிந்த நண்பர் கையால் வரைந்தால் இன்னும் நல்லது.

விளக்கப் பகுதியில் நீங்கள் பேசிய ஒவ்வொரு பாட்டு, ஓவியத்தின் பெயரையும், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், ஓவியர் பெயரையும், அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். பாடலாசிரியர் பெயரைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், அதை முதலில் எழுதிவிடுங்கள்.