சட்டை உரிக்கும் கெக்கோ, உப்பு தும்மும் இகுவானா

வீட்டில் வளர்க்கும் பல்லியான லெப்பர்டு கெக்கோ திடீரென்று வெளிறி, சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனால் பதற வேண்டாம். சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். ஓரிரு நாளில் மூக்குப் பக்கம் தோல் பிளக்கும். அதை வாயால் கவ்வி இழுத்து இழுத்துத் தின்றுவிடும். உரித்த தோலைக் கூண்டுக்குள் தேடினால் கிடைக்காது. அந்த நாட்களில் இரையையும் சீண்டாது.

தொந்தரவு வருவது விரலில். நுனியில் கொஞ்சம் தோல் மோதிரம்போல் ஒட்டி நின்றுவிடும். காயக் காய அது இறுகும். ரத்தம் போகாமல் விரல் கறுத்து விழுந்துவிடும். நம் ஊர் கடலோரம்தானே, ஈரக்காற்று போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஏசி அறையிலும், பகலெல்லாம் மின்விசிறி ஓடும் அறையிலும் கூண்டு காய்ந்துதான் கிடக்கும்.

அதனால் ஓர் ஈரப்பெட்டி வையுங்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் பக்கவாட்டில் 5 செ.மீ. ஓட்டை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். உள்ளே இரண்டு அங்குலம் தேங்காய் நார்த்தூள். இங்கேதான் கவனம்: நார்த்தூளில் உப்பு இருக்கும், நம் ஊர் போர் தண்ணீரிலும் பல இடங்களில் உப்பு. காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ மூன்று முறை அலசிப் பிழியுங்கள். கைப்பிடியில் அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். குட்டிகள் தூளை விழுங்கிவிடும். அவற்றுக்கு நனைத்த டிஷ்யூ பேப்பர் போதும்.

உரித்து முடித்ததும் டார்ச் அடித்து எல்லா விரலையும் எண்ணிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் 30 டிகிரி வெதுவெதுப்பில் பாதம் நனையும் அளவு தண்ணீர் ஊற்றி, 15 நிமிடம் நிற்க விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரமான காது பட்ஸால் விரலின் அடியிலிருந்து நுனிநோக்கி உருட்டுங்கள். வரவில்லையா, மறுநாள் இன்னொரு முறை. உலர்ந்த தோலை நகத்தால் பிய்த்தால் நல்ல தோலும் சேர்ந்து வரும். விரல் வீங்கினாலோ கறுத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கண்ணை நாக்கால் நக்குவதும் வழக்கம்தான். நம் சுவர்ப் பல்லிக்கு இமையே இல்லை, நக்கித்தான் தூசி துடைக்கும். லெப்பர்டு கெக்கோவுக்கு இமை உண்டு, ஆனாலும் நக்கும். கண் மூடியபடியே கிடந்தால் மட்டும் இமைக்குள் தோல் சிக்கியிருக்கலாம். அதை வீட்டில் தோண்டாதீர்கள்.

இலைதழை தின்னும் பெரிய பல்லியான இகுவானாவின் வேலை வேறு. வாலிநோக்கம் உப்பளத்தில் பூப்பதுபோல் அதன் கூண்டுக் கண்ணாடியில் வெள்ளைப் பொடி படியும். இலைதழையிலிருந்து சேரும் மிகுதி உப்பை மூக்குப் பக்கத்துச் சுரப்பி வெளியேற்ற, அது தும்மித் தள்ளுகிறது. சளி மருந்து எதுவும் வேண்டாம், ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தால் போதும். மூக்கில் குமிழி, கெட்டிச் சளி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது என்றால்தான் நோய். மருத்துவரிடம் போகும்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றையும் கையில் வைத்திருங்கள். இகுவானாவுக்கு அது கட்டாயம்.