கடைமடை வயலில் நெல்லும் கேழ்வரகும்: குறைந்த நீரில் விளைவிக்கும் முறை

குமரி மாவட்டத்திற்குத் தண்ணீர்ப் பஞ்சமா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கின்றன. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் அதன்பின் வந்த பெருஞ்சாணி அணையும் இருக்கின்றன. வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை கால்வாய்களில் தண்ணீர் விடப்படுகிறது. ஆனாலும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் கால்வாய் முடியும் கடைமடையில் பயிர் செய்பவருக்கு, அந்தத் தண்ணீர் எந்த நாளில் வந்து சேரும், கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வந்துகொண்டிருக்குமா, நின்றுபோகுமா என்பது ஒவ்வொரு பூவிலும் (நெல் பருவத்திலும்) எழும் கேள்விதான். ஒரு ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் அது ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர். அந்த அளவை எத்தனை முறை கட்டுகிறோம், அதில் எவ்வளவு பயிருக்குப் போகிறது, எவ்வளவு வரப்பு வழியே கசிகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் வயலில் தண்ணீர்த் தேவை குறைந்தது.

முதல் வேலை வரப்பில்தான் இருக்கிறது. நான் இதற்கே அதிக நேரம் செலவிடச் சொல்வேன். தொளி உழவின்போது, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழும்போது, வரப்பின் உட்பக்கத்தை மண்வெட்டியால் செதுக்கி, புல்வேரையும் நண்டு வளைகளையும் வெளியே கொண்டுவந்து, வளையின் வாயை மட்டும் அடைக்காமல் அது போகும் வழிவரை தோண்டிக் களிமண் உருண்டையை அழுத்தித் திணித்து, அதன்மேல் குழைந்த சேற்றை எடுத்துப் பூச வேண்டும். அண்டை வெட்டிப் பூசுதல் என்று நம் மூத்தோர் செய்த வேலை இதுதான். டிராக்டர் வந்த பிறகு பலர் இதை விட்டுவிட்டார்கள். பூசி முடித்த மறுநாள் மாலை, வயலில் தண்ணீர் கட்டி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கீறல் போட்டு வையுங்கள். இரவில் ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே களிமண் வயலில் காலைக்குள் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

வயலைச் சமன்படுத்துவதும் இதே அளவுக்கு முக்கியம். ஒரு மூலை 5 சென்டிமீட்டர் மேடாக இருந்தால், அந்த மூலையை நனைப்பதற்காக வயல் முழுவதும் 5 சென்டிமீட்டர் கூடுதலாகத் தண்ணீர் கட்ட நேரிடும். சிறிதளவு தண்ணீர் நிறுத்திப் பார்த்தால் மேடுகள் தாமாகத் தலைகாட்டும். அப்போதே பரம்படித்து இழுத்துவிட வேண்டும்.

முதல் நெல் பருவமான கன்னிப்பூவுக்கு நான் பரிந்துரைப்பது, புழுதியில் நேரடியாக விதைக்கும் பொடி விதைப்பு. கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு நாற்றங்கால் போட்டு, தொளி கலக்கி, நட்டு முடிப்பதற்குள் கடைமடையில் ஜூலை பாதி கடந்துவிடும். அறுவடை தள்ளிப்போவதால் இரண்டாம் பருவமான கும்பப்பூவும் தள்ளிப்போய், பிப்ரவரி இறுதியில் மடை அடைபடும்போது கதிர் முற்றாமல் நிற்கும். அதற்கு மாறாக, கோடை மழையில் நிலத்தை மூன்று நான்கு முறை உழுது புழுதியாக்கி, ஏப்ரல் இறுதியிலிருந்து மே மாதத்திற்குள் விதைத்துவிட்டால், விதை மழையில் முளைத்து, கால்வாய்த் தண்ணீர் வரும்போது ஏறக்குறைய ஒரு மாதப் பயிராக இருக்கும். தொளி கலக்குவதற்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் மிச்சம்.

இதற்கு ஏக்கருக்கு 30 கிலோ விதை வேண்டும். ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று எடுத்து, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு உப்பைக் கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்த வேண்டும். இப்படிக் கடினப்படுத்திய விதை வறட்சியை ஓரளவு தாங்கி முளைக்கும். 20 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில், 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழுமாறு விதையுங்கள். மேலாக விதைத்தால் ஒரு சிறுதூறலிலேயே முளைவிட்டு அடுத்த வாரத்து வெயிலில் கருகிவிடும். பொடி விதைப்பின் உண்மையான எதிரி களைதான். முளைத்த 15 முதல் 20 நாளில் ஒரு களையெடுப்பும், தண்ணீர் கட்டுவதற்கு முன் மற்றொன்றும் தவிர்க்க முடியாதவை. நெல் வரிசைகளுக்கு இடையே தக்கைப்பூண்டு விதைத்து, தண்ணீர் வந்ததும் கோனோ வீடர் என்னும் உருட்டுக் களைக்கருவியால் சேற்றில் அமுக்கிவிட்டால் களையும் அடங்கும், தழையுரமும் கிடைக்கும்.

கும்பப்பூவில் நடவுப் பயிருக்கு, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையே போதும். நெல் நீர்த்தாவரம் என்ற எண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிறுத்துகிறோம். மண்ணுக்குள் ஈரம் இருக்கும்வரை பயிருக்குக் குறை இல்லை. மண்ணுக்குள் ஈரம் எங்கே நிற்கிறது என்பதை அறிய ஒரு குழாய் தேவை. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 30 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் கீழ்ப்பகுதி 20 சென்டிமீட்டரில் சுற்றிலும் சிறு துளைகள் இட்டு, துளைப் பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகுமாறு இறக்குங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் அடிவரை எடுத்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் வெளியிலும் ஒரே மட்டம் தெரிந்தால் குழாய் சரியாக வேலை செய்கிறது. தெரியாவிட்டால் துளைகள் சேற்றால் அடைத்திருக்கின்றன.

நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்க மெல்லிய அளவில் தண்ணீர் நிற்கட்டும். அதன்பின் 5 சென்டிமீட்டர் கட்டி, குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகே அடுத்த பாய்ச்சல். மணற்பாங்கான வயலில் 10 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை இந்தக் காய்ச்சல் கூடவே கூடாது. அப்போது தண்ணீர் நின்றே ஆக வேண்டும், இல்லையென்றால் பதர் கூடும். இம்முறையில் பாசன நீரில் 15 முதல் 30 சதவீதம் வரை மிச்சப்படுகிறது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவும் வெகுவாகக் குறைகிறது.

முதல் ஆண்டில் நான் ஒரு பிழை செய்தேன். பார்ப்பதற்கு வசதியாக மடைக்கு அருகில், வரப்பை ஒட்டிக் குழாயை இறக்கினேன். வாய்க்கால் கசிவால் அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருந்தது. குழாயில் தண்ணீர் தெரிகிறது என்று நான் நிம்மதியாக இருக்க, எதிர்மூலையில் மண் வெடித்து, நண்பகலில் இலைகள் சுருண்டு நின்றதை மிகத் தாமதமாகவே கண்டேன். அந்த மூலையில் கதிர்கள் பின்தங்கி வந்தன, பதரும் மிகுதி. இப்போது வரப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், அரை ஏக்கருக்கு இரண்டு குழாய் வைக்கிறேன்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் குழாய் சொல்லும் நாளும் முறை வரும் நாளும் ஒத்துப்போவதில்லை. ஒரு பாய்ச்சல் தண்ணீர் குழாயில் 15 சென்டிமீட்டருக்கு இறங்க உங்கள் வயலில் எத்தனை நாள் ஆகிறது என்று இரண்டு மூன்று முறை குறித்து வையுங்கள். அடுத்த முறை வருவதற்குள் ஈரம் தாங்கும் என்றால், இந்த முறையைப் பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுக்கலாம்; தாங்காது என்றால், குழாயில் நீர் மேலாக நின்றாலும் வாங்கிக் கட்டிவிட வேண்டும்.

யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவி உடனே தண்ணீர் கட்டினால் சத்து வேர்ப்பகுதிக்கு இறங்கும். தண்ணீர் நிற்கும்போது தூவினால் பெரும்பகுதி வீணாகும். மணக்குடிக் காயலை அடுத்த உப்புத்தன்மையுள்ள வயல்களில் காய்ச்சலைக் கடுமையாக்காதீர்கள். மண் காயக் காய உப்பு மேலேறும். அங்கே உவர் தாங்கும் இரகமே பொருத்தம். மற்ற இடங்களில், திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். 5, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 ஆகிய ஏறக்குறைய 110 முதல் 120 நாள் இரகங்களைத் தேர்ந்தெடுத்தால், 150 நாளுக்கு மேல் நிற்கும் பொன்மணியைவிட ஒரு மாதத் தண்ணீர் மிச்சம்.

குளத்துப் பாசனமும் எட்டாத ஆரல்வாய்மொழிப் பக்கத்து மேட்டு நிலங்களில் நெல்லை வற்புறுத்துவதை விடக் கேழ்வரகு நல்லது. கணவாய்க் காற்று அங்கே மண்ணின் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடும்; ஆகையால் காற்று வரும் மேற்கு எல்லையில் அகத்தியோ சவுக்கோ நெருக்கமாக நடுங்கள். சாமை, தினை போன்றவற்றுக்கு உமி நீக்கும் எந்திரம் தேடி அலைய வேண்டும். கேழ்வரகை அப்படியே அரைக்கலாம் என்பதால்தான் அதை முதலில் சொல்கிறேன். ஏக்கருக்கு 2 கிலோ விதையை நாற்றுவிட்டு, 18 முதல் 20 நாள் நாற்றை, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், 30 சென்டிமீட்டர் வரிசையில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட வேண்டும். தூர் கட்டும்போதும் பூக்கும்போதும் மழை பொய்த்தால் மட்டும் பயிரைக் காக்க ஒரு உயிர்த்தண்ணீர் தேவைப்படும். தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கேழ்வரகு வறட்சியைத் தாங்கும், தேக்கத்தைத் தாங்காது. தனி ஒருவர் மட்டும் விதைத்தால் மயிலும் குருவியும் முழுவதையும் கொண்டுபோய்விடும். ஆகவே அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் நடுவது அவசியம்.

கும்பப்பூ அறுவடைக்குப் பின் மூன்றாவதாக நெல் போட ஆசைப்பட வேண்டாம். எஞ்சிய ஈரத்தில் ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்தால் பாசனம் இல்லாமலே வளரும். அறுவடை எந்திரம் இறங்கும் வயல் என்றால், எந்திரம் போன பிறகு, ஈரம் காய்வதற்கு முன் அன்றைக்கே தெளித்துவிடுங்கள். உளுந்துக்கும் ஈரம் போதாத வயலில் தழையுரச் செடியான கொழிஞ்சியைத் தூவலாம். அதன் விதைத்தோல் கடினமாக இருப்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்துத் தூவினால்தான் முதல் ஆண்டிலேயே சீராக முளைக்கும்.