தொண்டு நிறுவனத்துக்குப் புதுப் பெயர்: மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை

"பேரை மாத்தணும், உங்க பசங்க நல்லதா ஏதாவது சொல்வாங்களா?" என்று ஒரு தொண்டு நிறுவனம் கல்லூரிக்கு வந்து கேட்டால், வகுப்பு உடனே பெயர் எழுத ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்தில் நாற்பது பெயர் வரும், பாதியில் 'கரங்கள்', மீதியில் 'சிறகுகள்'. அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

முதலில் பழைய பெயரில் என்ன கோளாறு என்று கண்டுபிடியுங்கள். பிரிட்டனில் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' 1994இல் 'ஸ்கோப்' ஆனதற்குக் காரணம் தெளிவு, அந்தச் சொல்லே பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டுகிற வசவாகிவிட்டது. (மாற்றுத்திறனாளிகளுக்கான நம் சென்னை வித்யாசாகர் நிறுவனமும் முன்பு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் இருந்ததுதான்.) அதே பிரிட்டனில் காது கேளாதவர்களுக்கான ஆர்என்ஐடி, 2011இல் 'ஆக்‌ஷன் ஆன் ஹியரிங் லாஸ்' என்று மாறி, 2020இல் பழைய பெயருக்கே திரும்பி வந்தது. அதனால் மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் கையில் வைத்திருங்கள்.

நாங்கள் போன குழந்தைகள் இல்லத்தின் பெயரில் 'அனாதை' என்ற சொல் இருந்தது. நிர்வாகிக்குப் பெயர் பழைய காலத்துப் பெயராக இருக்கிறதே என்பதுதான் கவலை. விஷயத்தைக் கொண்டுவந்தது வேன் ஓட்டுநரிடம் சும்மா பேச்சுக்கொடுத்த ஒரு மாணவி: பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே, டீக்கடைப் பக்கம் இறக்கிவிடச் சொல்கிறார்களாம், ஏனென்றால் வேனின் இரண்டு பக்கமும் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாரிடம் பேசுவது என்று நாங்கள் போட்ட பட்டியலில் ஓட்டுநர் என்று ஒருவரே இல்லை.

பதினைந்து, இருபது பேரிடம் நிதானமாகப் பேசினால் போதும். நன்கொடை கொடுப்பவர்கள், கொடுத்து நிறுத்தியவர்கள் (பழைய ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் பெயர் கிடைக்கும்), சமையல்காரர், வாட்ச்மேன், எதிர்வீட்டுக்காரர். பிள்ளைகளிடம் பேசுவதென்றால் பொறுப்பாளரின் அனுமதியோடு, அவர்களுக்குப் பழகியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

"இந்தப் பேர் பிடிச்சிருக்கா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். வீடு தேடி வந்த பிள்ளையிடம் நம் ஊரில் யாரும் 'பிடிக்கலை' என்று சொல்ல மாட்டார்கள், "நல்லாருக்கு தம்பி" என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "இந்தப் பேரைக் கேட்டா, இவங்க என்ன வேலை செய்றாங்கன்னு தோணுது?" என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாமல், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பெயர்களுக்கு வரலாம். நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் சிலரிடம் போனில் ஒருமுறை மட்டும் சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'மழலை' என்று ஒரு பெயர் இருந்தால், ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் வெறும் 'எல்' போடுவார், நாளைக்குக் காசோலையும் மின்னஞ்சலும் அப்படித்தான் தடுமாறும். இரண்டு நாள் கழித்து அவர்களையே கூப்பிட்டு, துப்புக் கொடுக்காமல், எந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை நூறு பேர் நிரப்பிய கூகுள் ஃபார்முக்குச் சமம்.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் மத்திய அரசின் என்ஜிஓ தர்பண் தளத்திலும் வர்த்தக முத்திரைப் பதிவிலும் தேடுங்கள், இணைய முகவரி கிடைக்குமா என்றும் பார்த்துவிடுங்கள். அன்பு, கருணை, அறம் எல்லாம் ஊருக்கு நாலு இருக்கும்.

அப்புறம் மாணவர்கள் மறந்துபோகிற ஒன்று, செலவு. சங்கமாகப் பதிவானது என்றால் பொதுக்குழுத் தீர்மானம், பதிவாளர் அலுவலகம். அறக்கட்டளை என்றால் பத்திரம். பின்னாலேயே பான் அட்டை, 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள், வங்கிக் கணக்கு, வெளிநாட்டு நிதி வாங்கினால் அதற்குத் தனியாகத் தகவல், பெயர்ப் பலகை, ரசீதுப் புத்தகம். அவர்களுடைய ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசி, இந்தப் பட்டியலையும் அறிக்கையில் சேருங்கள்.

அறிக்கை இரண்டு பக்கம் போதும், அறுபது ஸ்லைடு யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஜனங்கள் சொன்னதை அப்படியே போடுங்கள், 'பழைய பெயரே இருக்கட்டும்' என்பதையும் ஒரு தேர்வாக வையுங்கள். முடிவு அவர்களுடையது.

நாங்கள் போன இல்லத்தில் பொதுக்குழு இன்னும் கூடவில்லை. வேனில் இருந்த எழுத்தை மட்டும் மறுவாரமே பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்.