கார் கிளம்பவில்லையா? முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள்

பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியில் வயர் மாட்டும் முனையான டெர்மினல் தளர்ந்தோ உப்புப் பூத்தோ இருக்கிறது. வெளிச்சம் மங்காமல் அப்படியே இருக்க, 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால், இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம்.

இரண்டு ஹாலஜன் விளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால்தான் விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போதும் வெளிச்சம் தாங்குகிறதா என்பதுதான் கணக்கு. புது பேட்டரி வாங்கும் முன் டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது கடைசியில்.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் இந்தச் சோதனை உதவாது; அது பெரும்பாலும் பெட்ரோல் வரத்து அல்லது ஸ்பார்க் கோளாறு. சில கார்களில் சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் தானாகவே அணையும். அவற்றில் உள்ளே இருக்கும் கூரை விளக்கைப் பாருங்கள்.