பழைய மரச்சொப்பு வாங்கப் போனால் ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து செய்த) சொப்பு, குங்குமச் சிமிழ் என்று எதைக் கையில் எடுத்தாலும் 'தாத்தா காலத்துச் சாமான்' என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் அதன் வாயில் ஸ்கேலை வைத்து, சிமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். கடைசலில் வட்டமாக வந்த மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. பழையது என்றால் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். மூடியும் ஒரு பக்கம் வைத்தால்தான் சரியாக உட்காரும். ஆனால் ஈர மரத்தில் கடைந்த புதுசும் இப்படிக் கோணும். அதனால் கை பட்டுத் தேய்ந்த விளிம்பையும் தடவிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சானிடைசர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, ஒரு சிமிழின் சிவப்பு முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. அந்தச் சிவப்பு அரக்குப் பூச்சு; சானிடைசரில் இருக்கும் ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

அப்புறம் பூச்சி. பல்லாங்குழிப் பலகையில் பொடித்துளை தெரிந்தால், தட்டித் துடைத்துக் கறுப்புக் காகிதத்தின் மேல் சில வாரம் வையுங்கள். புதிதாக மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மற்ற சாமானோடு சேர்க்காதீர்கள்.