காய்ச்சல் இறங்கிவிட்டதே, கண் ஏன் மங்குகிறது? டெங்கு, சிக்குன்குனியாவில் பயணிகள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரோ கொழும்போ போய்த் திரும்பி டெங்குவில் படுத்தால் வீட்டில் எல்லாரும் விசாரிப்பது இரண்டைத்தான்: காய்ச்சல் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு. கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காய்ச்சல் விட்டு, ரசம் சாதம் உள்ளே இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் சிலருக்குப் பார்வை மங்குகிறது. "உடம்பு அசதி, தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

டெங்கு கண்ணைத் தாக்கும்போது பெரும்பாலும் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவைத்தான் பிடிக்கும். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், பிளேட்லெட் அடிமட்டத்தில் இருக்கும் சமயத்தில் இது தெரியவரும். அங்கே வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் ஏற்படும். வெளியே கண் சிவக்காமலே, வலிக்காமலே இருக்கலாம். எதிரில் இருப்பவரைப் பார்த்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகைமூட்டம். தினசரி காலண்டரில் ஓரத்து எழுத்தெல்லாம் தெரியும், நடுவில் தேதியைக் காணோம். ஜன்னல் கம்பி நெளிந்து தெரியும்.

இதை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சோதித்தால் பிடிபடாது. ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் சில நாட்களுக்கு ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் தரை டைல்ஸின் கோடுகளைப் பாருங்கள். அப்புறம் மாற்றிப் பாருங்கள். கோடு வளைந்தாலோ விட்டுப்போனாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் பார்ப்பதில் பயனில்லை.

"எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு டெங்கு வந்தது, யாருக்குக் கண் போச்சு?" என்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் 2005-ல் டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் ஒன்றான டெங்கு-1 பரவியபோது, மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மாகுலா பாதிப்பு இருந்தது. அதே ஊரில் 2007-ல் டெங்கு-2 ஓங்கியபோது நடந்த ஆய்வில் ஒருவருக்கும் இல்லை. போன தடவை தெருவில் நடந்ததை வைத்து இந்தத் தடவையை எடைபோட முடியாது.

சிக்குன்குனியாவில் கதை வேறு. காய்ச்சல் போய் சில வாரங்கள் கழித்துக்கூடக் கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி வலிக்கலாம். உடனே "மெட்ராஸ் ஐ" என்று முடிவுகட்டி மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்குவது, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது இரண்டுமே வேண்டாம். கடையில் தரும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். கண்ணுக்குள் அழற்சி என்றால் மருத்துவரே ஸ்டீராய்டுதான் எழுதுவார், உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸ் என்றால் அதே மருந்து கண்ணைக் கெடுத்துவிடும். சிக்குன்குனியா விழித்திரை அழற்சியைப் பார்த்தால் ஹெர்பிஸ் போலவே இருக்கும் என்பதால், டாக்டர்களே யோசித்துத்தான் பிரிக்கிறார்கள்.

டாக்டருக்கு இதில் உதவுவது உங்கள் பயண விவரம். எந்த ஊர், எந்தத் தேதியில் திரும்பினீர்கள், காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். "கண்ணுக்கு வந்தேன், காய்ச்சல் எதற்கு" என்று மறைத்துவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கொண்டுபோங்கள். கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விடுவார்கள், விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். பைக்கை வீட்டில் விட்டுவிட்டுத் துணைக்கு ஆளோடு போவது நல்லது. டெங்கு மாகுலா பாதிப்பு பலருக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தெளிந்துவிடும், சிலருக்கு நடுவில் சின்ன மறைப்பு தங்கிவிடும். அதனால் பார்வை திரும்பிவிட்டது என்று மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று: டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலிப்பது சகஜம். அதற்கு ஆஸ்பிரின், புரூஃபன் எதுவும் போடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும்.