புறக்கோளின் காற்றில் வால்மீனின் பங்கைக் கணக்கிடும் முறை

அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில், 1972-இல் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைப்பதை நோக்கியவர்கள், அதன் ஒளி மங்கிய விதத்திலிருந்து கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை அறிவித்தனர். இதுபோலவே, கோளின் விளிம்பிலுள்ள காற்றின் ஊடே வரும் விண்மீன் ஒளியைப் பகுத்து, இன்று வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் (புறக்கோள்களின்) காற்றில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கண்டறியப்படுகின்றன. இப்படி நிறம் நிறமாகப் பகுத்த ஒளிப்பதிவை, அதாவது நிறமாலையைப் படிக்கும் வேலூர்ப் பகுதி மாணவர்கள், அந்த நீர் கோள் பிறந்தபோதே இருந்தது என்று கொள்வதற்கு முன், வால்மீன் கொண்டுவந்ததா என்று சோதிக்க வேண்டும். தாளும் பேனாவும் போதும்.

முதலில் நிறை. 1 கி.மீ. விட்டமும் நீரின் அடர்த்தியில் பாதியும் கொண்ட வால்மீனின் நிறை சுமார் 26 கோடி டன். அதில் பாதி பனிக்கட்டி என்று கொண்டால் 13 கோடி டன் நீர். பூமியின் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் இது நான்கு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அதே நீர் காற்றின் உச்சியிலுள்ள ஆயிரத்தில் ஒரு பங்கில் மட்டும் தங்கினால், அங்கே 10 லட்சத்தில் 25 பங்காகிவிடும்; பூமியின் ஓசோன் அடுக்கில் இயல்பாக உள்ள நீராவியே 10 லட்சத்தில் சில பங்குதான். கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது நாம் படிப்பதும் பெரும்பாலும் மேலடுக்கையே என்பதால், எவ்வளவு நீர் வந்தது என்பதைவிட எந்த உயரத்தில் தங்கியது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே ஆழத்தைக் கணக்கிட வேண்டும். வால்மீன் ஏறத்தாழ தன் நிறைக்குச் சமமான காற்றை எதிர்கொண்டதும் வேகமிழக்கும். விட்டத்தை அடர்த்தியால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால், மேற்சொன்ன வால்மீனை நிறுத்தத் தேவையான காற்று சதுர மீட்டருக்கு சுமார் 330 டன் என்று கிடைக்கும். பூமியின் காற்று சதுர மீட்டருக்கு 10 டன்தான். எனவே அது தரையையே தாக்கும். தரையற்ற வாயுக் கோளில் அது காற்றிலேயே அழியும். எதிர்க்காற்றின் அழுத்தம் வால்மீனின் இழுவலிமையை (பிய்ந்துபோகாமல் தாங்கும் வலிமையை) மீறினால் அது உடைந்து பரவி, கணக்கிட்டதைவிட மிக உயரத்திலேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று வியாழனில் இருக்கிறது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீனின் துண்டுகள் நொடிக்கு சுமார் 60 கி.மீ. வேகத்தில் அதன் தென்பாதியில் விழுந்தன. அந்த வெப்பத்தில் பிறந்த கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் பல ஆண்டுகள் நிலைத்தன; வியாழனின் மேலடுக்கில் தென்பாதியில் நீர் மிகுந்திருப்பதை ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது.

வேதியியலில் ஓர் எச்சரிக்கை அவசியம்: புற ஊதாக் கதிர் நீரைப் பிளப்பதால் உயிரில்லாத கோளிலும் ஆக்சிஜனும் ஓசோனும் தோன்றலாம்; எனவே அவற்றை மட்டும் வைத்து அங்கே உயிர் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது.

இறுதியாக, விண்மீனின் வயதைப் பாருங்கள். சுமார் 2 கோடி ஆண்டு வயதுடைய பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைச் சுற்றி வால்மீன்கள் ஆவியாவது நிறமாலையிலேயே தெரிகிறது. அத்தகைய இளம் விண்மீனின் கோள்களில் மோதல் தொடரக்கூடும் என்று கொண்டு கணக்கிடலாம். முதிய விண்மீனுக்கு, ஒரே மோதலின் தடம் காலப்போக்கில் மங்கும் என்பதால், சில ஆண்டுகள் கழித்து எடுத்த நிறமாலையோடும் ஒப்பிட்ட பிறகே முடிவெழுத வேண்டும்.